19 பிட்சும் ஐந்து பேரும்

"உங்க படகுல என்ன பிட்ச் போட்டிருக்கு?" என்று, தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளும் புரொப்பல்லரைப் பற்றி, படகுக் கடையில் கேட்டார்கள். "கறுப்பு, மூணு றெக்கை" என்றேன். கடைக்காரர் சிரிக்காமல் இருந்தார், அதற்கு இன்றைக்கும் நன்றி.

படகு வாங்கி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 18 அடி அலுமினியப் படகு, பின்னால் 90 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், எல்லாமே செகண்ட் ஹேண்ட். ஒன்டாரியோவில் சிம்கோ ஏரிதான் எங்களுக்குப் பக்கம், டிரெய்லரில் இழுத்துக்கொண்டு போய் இறக்குவோம். நான் மட்டும் ஓட்டிப் பார்த்தபோது அம்பு மாதிரி போனது. அப்புறம் மனைவி, மகள், மச்சான், மச்சான் மனைவி, டேங்க் நிறைய பெட்ரோல், பிரியாணி டப்பாவோடு ஐஸ் பெட்டி எல்லாம் ஏறியதும் அதே படகு வேறு படகாகிவிட்டது. முழு திராட்டில், அதாவது ஆக்சிலரேட்டர், கொடுத்தால் முன்பக்கம் வானத்தைப் பார்க்கிறது, எதிரில் என்ன வருகிறது என்றே தெரியவில்லை, படகு தண்ணீர் மேல் ஏறிப் படுத்து ஓடுவதற்குள் மகள் சத்தமாக பதினாலு வரை எண்ணிவிட்டாள். இன்ஜினில் ஏதோ கோளாறு என்று முடிவே கட்டிவிட்டேன்.

கோளாறு ஒன்றும் இல்லை. புரொப்பல்லரின் நடுக்குழாயில், பெயிண்டுக்கு அடியில், 13 x 19 என்று பொறித்திருந்தது. முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டுமே அங்குலக் கணக்கு. மரத்தில் திருகாணி ஏறுவதுபோல் தண்ணீருக்குள் வழுக்காமல் ஏறினால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே போகும் என்பதுதான் பிட்ச். பைக் ஓட்டுபவர்களுக்குச் சொல்வதென்றால் இது கியர். பிட்ச் அதிகம் என்றால் டாப் கியர், குறைவு என்றால் இரண்டாவது கியர், ஆனால் படகில் ஓடும்போது மாற்ற முடியாது, மாட்டியது மாட்டியதுதான். நான் செய்துகொண்டிருந்தது ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலைப்பாதையில் நாலாவது கியரில் போவது. இன்ஜின் முக்கத்தானே செய்யும்.

சரி, எந்த பிட்ச் சரி என்று எப்படித் தெரியும்? வேகத்தைப் பார்க்காதீர்கள், ஆர்பிஎம்மைப் பாருங்கள், அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று. இன்ஜின் கையேட்டில் முழு திராட்டிலில் இத்தனையிலிருந்து இத்தனைக்குள் ஓட வேண்டும் என்று ஓர் எல்லை போட்டிருப்பார்கள். என்னுடையதற்கு 5000 முதல் 6000. காற்றில்லாத காலையில், எப்போதும் ஏற்றும் பாரத்தோடு, டிரிம்மை, அதாவது இன்ஜின் சாய்ந்திருக்கும் கோணத்தை, சரியாக வைத்து, முழு திராட்டில் கொடுத்து முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று என்று இரண்டு தரம் பார்த்தால் நல்லது.

எனக்கு ஐந்து பேரோடு 4600. தனியாக 5200. அதாவது இதற்கு முன் வைத்திருந்தவர், தனியாக மீன் பிடிக்கப் போகிறவர், தன் பாரத்துக்குச் சரியாகத்தான் வாங்கியிருக்கிறார். அவருக்கு 19 சரி, என் குடும்பத்துக்குத்தான் தப்பு.

கணக்கும் போட்டுப் பார்த்தேன், எனக்கு இதில் கொஞ்சம் கிறுக்கு உண்டு. கியர் விகிதம் 2.31, அதாவது இன்ஜின் 2.31 சுற்று சுற்றினால் புரொப்பல்லர் ஒரு சுற்று, எனவே இன்ஜின் 4600 சுற்றினால் புரொப்பல்லர் நிமிஷத்துக்கு 1990 சுற்று. சுற்றுக்கு 19 அங்குலம் என்றால் நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 960 மீட்டர், மணிக்கு 58 கிலோமீட்டர். ஜிபிஎஸ் காட்டியது 46. நடுவில் காணாமல் போன ஐந்தில் ஒரு பங்குதான் வழுக்கல். வழுக்கல் கொஞ்சமாவது இருக்கத்தான் செய்யும், அது இல்லாமல் படகைத் தள்ளும் விசையே கிடையாது, ஆனால் 20 சதவீதம் இந்த மாதிரிப் படகுக்கு அதிகம்.

ஆர்பிஎம் எல்லைக்குக் கீழே நின்றால் "பாவம், மெதுவாக ஓடட்டுமே, இன்ஜினுக்கு நல்லதுதானே" என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நேர்மாறு. முழு திராட்டிலில் எரிபொருளை அள்ளிக் கொடுத்துவிட்டுச் சுற்ற விடாமல் பிடித்து வைத்தால் சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும், கார்பன் படியும், நாளடைவில் பிஸ்டனையே பதம் பார்க்கும். எல்லைக்கு மேலே போவதும் தப்புதான், ஆனால் அதில் திராட்டிலைக் கொஞ்சம் பின்னே இழுத்தால் தீர்ந்தது. முக்குகிற இன்ஜினுக்கு அது மட்டும் போதாது.

பொதுவாக பிட்ச் ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும். மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சில கடைகள் விடுவார்கள், கட்டாயம் கேளுங்கள். 17-ஐ மாட்டினேன், ஐந்து பேரோடு சரியாக 5000, எல்லையின் வாசலில் நிற்கிறது. 15-ஐ மாட்டினேன், 5400. தனியாகப் போனால் 6000-ஐத் தொடுகிறது.

15-ஐயே வைத்துக்கொண்டேன். மச்சானுக்கு இதில் இன்றுவரை உடன்பாடு இல்லை, "வேகம் போச்சே" என்கிறார். போனது உண்மைதான், தனியாக ஓட்டும்போது 56 கிலோமீட்டர் போனது இப்போது 52. ஐந்து பேரோடு 46-க்கு 45. சாதாரணமாக ஓட்டும்போதும் இன்ஜின் முன்பைவிட வேகமாகச் சுற்றுவதால் சத்தம் கூடிவிட்டது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கோடையில் நான் தனியாக ஏரிக்குப் போவது நாலு நாள் இருந்தால் அதிகம், அந்த நாலு நாளுக்காக மற்ற நாளெல்லாம் இன்ஜினை முக்கவிட முடியாது.

அலுமினியத்துக்குப் பதில் எஃகுப் புரொப்பல்லர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அடியில் பாறை இல்லாத, ஆழமான தண்ணீர் என்றால் வாங்குங்கள். றெக்கை எளிதில் வளையாது, அதனால் அலுமினியத்தில் இருந்த அதே பிட்ச் எஃகில் கொஞ்சம் கனமாக இழுக்கும், ஆர்பிஎம் இறங்கும். பாறையில் இடித்தால் அலுமினிய றெக்கை மடங்கி அதோடு போகும், எஃகு மடங்காமல் அடியை உள்ளே கியருக்கு அனுப்பும். நான் அலுமினியத்தோடு நிற்கிறேன்.

பிட்ச்சை மாற்றுவதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். புரொப்பல்லரின் நடுவில் ஒரு ரப்பர் புஷ் இருக்கும், அது பழையதாகி வழுக்கினால் ஆர்பிஎம் ஏறும், படகு நகராது, நீங்கள் பிட்ச் தப்பு என்று காசைச் செலவழிப்பீர்கள். உள்வளையத்திலிருந்து வெளிக்குழாய் வரை மார்க்கரில் ஒரு கோடு போட்டு, ஓட்டிவிட்டு வந்து பாருங்கள், கோடு இரண்டாக விலகியிருந்தால் புஷ் போய்விட்டது.

மாட்டுவது அரைமணி நேர வேலை. சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, றெக்கைக்கும் மேல் தட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துச் சுற்றாமல் நிறுத்தி, பின்னைப் பிடுங்கி நட்டைக் கழற்றினேன். பழைய புரொப்பல்லர் கையோடு வந்தது, பின்னால் தடித்த வாஷர் ஒன்று ஷாஃப்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மறுபடி போட மறந்தால் புரொப்பல்லர் கியர் பெட்டியையே அரைக்கும். அந்த வாஷரையும் இழுத்தால் அடியில் பச்சை நிறத்தில் தூண்டில் நரம்பு, நாலைந்து சுற்று, கியர் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஆயில் சீல் வளையத்தை ஒட்டிச் சுருண்டு கிடக்கிறது. இன்னும் ஒரு சீசன் விட்டிருந்தால் அந்த வளையத்தை அறுத்துத் தண்ணீரை உள்ளே விட்டிருக்கும். பிளேடால் கீறி எடுத்துவிட்டு, ஷாஃப்டில் கிரீஸ் தடவி, 15-ஐ ஏற்றி, நட்டை முறுக்கிப் புதுப் பின் போட்டேன்.

அந்த ஞாயிறு அதே ஐந்து பேர், அதே பிரியாணி டப்பா. மகள் வழக்கம்போல் எண்ண ஆரம்பித்தாள். ஆறு சொல்லும்போது படகு தண்ணீர் மேல் ஏறிப் படுத்துவிட்டது, ஆனாலும் விடாமல் பதினாலு வரை எண்ணி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.