பியூஜெட் சவுண்டின் கலங்கல் நீரில்

சியாட்டில் பகுதியில் நான் அறிந்த நம்மவர்களில் காற்றுக்கலன் சுமந்து நீருக்கடியில் நீந்தும் ஸ்கூபா கற்றவர்கள் சிலர் இருக்கிறார்கள். விடுமுறை கிடைத்தால் ஹவாய்க்கோ மெக்சிகோவுக்கோ பறந்துபோய் வெதுவெதுப்பான தெளிந்த நீரில் இறங்கும் அவர்கள், வீட்டுக்கு அருகிலேயே நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் பியூஜெட் சவுண்ட் என்னும் கடற்பகுதியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தண்ணீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 7 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரைதான் இருக்கும் என்பதும், பல நாட்களில் ஐந்து மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது என்பதும் உண்மையே. ஆனால் இந்தக் கடலில் உயிர்கள் இவ்வளவு மண்டிக் கிடப்பதற்கும் நீர் கலங்கியிருப்பதற்கும் காரணம் ஒன்றுதான். குறுகிய நீர்வழிகளில் பாயும் ஏற்றவற்ற நீரோட்டம் ஆழத்துச் சத்துகளைக் கிளறி வெளிச்சம் படும் இடத்துக்குக் கொண்டுவர, வசந்தத்தில் நுண்பாசிகள் பெருகி நீரைப் பச்சையாக்குகின்றன. படகுத்துறைத் தூண்களை மறைத்து வளர்ந்து நிற்கும், பூவைப் போன்ற விலங்குகளான வெண்ணிறக் கடற்சாமந்திகள் அந்தக் கலங்கலில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைத்தான் உண்கின்றன. குளிர்காலத்தில் பாசி அடங்கி நீர் ஓரளவு தெளிவதால், பழகியவர்கள் ஜனவரியை விரும்புவார்கள்.

காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் நீர் நம் உடற்சூட்டைக் கவர்ந்துவிடும் என்பதால், இங்கே நீர் புகாத உடையான டிரை சூட் அணிவதே நல்லது. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுகப் பிடிக்கும் பட்டைகள் நீரை வெளியே நிறுத்த, உள்ளே அணிந்த கம்பளி உடையும் அதில் தங்கிய காற்றும் சூட்டைக் காக்கின்றன. ஆழம் கூடக் கூட அந்தக் காற்று சுருங்கி உடை உடலை நெருக்கும். அப்போது மார்பிலுள்ள பொத்தானை அழுத்திச் சிறிது காற்றை உடைக்குள் செலுத்த வேண்டும். மேலேறும்போது அதை வெளியேற்ற மறக்கக் கூடாது. நீரில் தாழ்வதற்கான ஈய எடையும் வெதுவெதுப்பான கடலில் கட்டுவதைவிட அதிகம் தேவைப்படும்.

பார்வை குறைந்த நீரில் ஒழுக்கம்தான் பாதுகாப்பு. இறங்கும் முன்பே காம்பஸில் திசை குறித்துக்கொள்ள வேண்டும். டார்ச்சால் மெதுவாக வட்டமிட்டால் நலம் என்றும், வேகமாகப் பக்கவாட்டில் ஆட்டினால் உதவி தேவை என்றும் பொருள். உடன் இறங்கிய துணைவரைக் காணவில்லையென்றால் ஒரு நிமிடம் மட்டும் தேடிவிட்டு, பாதுகாப்பான வேகத்தில் மேலேறிவிட வேண்டும். தரையை ஒட்டி, காலில் மாட்டிய துடுப்பான ஃபின்னை அடித்தால் வண்டல் கிளம்பி, இருக்கும் வெளிச்சமும் போய்விடும். ஆகவே தவளையைப் போல் காலைப் பக்கவாட்டில் விரித்து உதைக்கப் பழக வேண்டும்.

தொலைவில் எதுவும் தெரியாதபோது கண் அருகிலிருப்பதில் நிலைக்கிறது. மேற்கு சியாட்டிலின் சீக்ரெஸ்ட் பூங்காவில், கோவ் 2 என்று அழைக்கப்படும் இடத்தில், மரக்கட்டைக்கு அடியிலுள்ள பொந்தின் வாசலில் நண்டு ஓடுகள் குவிந்து கிடந்தால், உள்ளே பசிபிக் பேராக்டோபஸ் இருக்கக்கூடும் என்று பொருள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், செங்கபில நிறத்தில் மடிந்த தோலும், வரிசையாகப் பதிந்த வெள்ளை உறிஞ்சிகளும், மூச்சோடு மெல்ல விரிந்து சுருங்கும் குழலும் தெரியும். பெண் ஆக்டோபஸ் பல்லாயிரம் முட்டைகளைச் சரம் சரமாகக் கூரையில் தொங்கவிட்டு, மாதக்கணக்கில் உணவின்றி அவற்றுக்கு நீர் வீசிக் காத்து, குஞ்சுகள் பொரிக்கும் காலத்தில் இறந்துபோகிறது.

2012 இல் இதே கோவ் 2 பகுதியில் ஒரு இளைஞர் உரிமத்தோடு, சட்டப்படியே, ஓர் ஆக்டோபஸைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தார். வாரந்தோறும் அங்கே இறங்கி அந்தப் பொந்துகளை அறிந்திருந்த உள்ளூர் முக்குளிப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 2013 இல் வாஷிங்டன் மாநில மீன், வனவிலங்கு ஆணையம் சீக்ரெஸ்ட் உட்பட ஏழு இடங்களில் ஆக்டோபஸ் பிடிப்பதைத் தடை செய்தது. அந்த விலங்கை அன்றாடம் பார்த்துப் பழகிய மனிதர்கள் அங்கே இல்லாதிருந்தால் அந்தக் குரல் எழுந்திருக்காது என்றே நான் நம்புகிறேன். இந்தத் தடை ஏழு இடங்களோடு நில்லாமல் சவுண்ட் முழுவதற்கும் விரிய வேண்டும் என்பது என் விருப்பம். அதைக் கேட்பதற்கு, இந்தக் குளிர்ந்த நீரில் இறங்குபவர்கள் இன்னும் பலர் வேண்டும்.