கச்சான் அடிக்கும்போது வீட்டைக் காட்டு

ராமேஸ்வரத்துக்கு முந்தைய கடலோர ஊரான மண்டபத்தில் அம்மாவின் வீட்டை விற்க மே மாதத்தை நான் தேர்ந்தெடுத்ததில் ஒரு சூது இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கரைக்கு மீன் வரத்துக் குறையும். கிழக்குப் பக்கத்து வீட்டு அத்தை காயப்போடும் கருவாடும் குறையும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் அடியோடு நின்றுவிடாது. மிச்சத்தைக் கச்சான் பார்த்துக்கொள்ளும். மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்று, இருக்கிற நாற்றத்தையும் எங்கள் வீட்டுப் பக்கம் விடாமல் கிழக்கே தள்ளிக்கொண்டு போய்விடும். ஐப்பசிக்கு மேல் வாடைக் காற்று திரும்பிவிட்டால் கதை வேறு. கருவாட்டு வாடை சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். (காற்றுக்கும் நாற்றத்துக்கும் ஒரே சொல்லை வைத்தவர் எங்கள் வீட்டில் ஒரு கார்த்திகை மாதமாவது குடியிருந்திருக்க வேண்டும்.)

ஆறு செண்டு இடம், ஓட்டு வீடு, பின்னால் கிணறு. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்து, 2022 டிசம்பரிலிருந்து பாலத்துக்கு முன்னாலேயே நின்றுபோயிருந்த ரயில்கள் மறுபடி ராமேஸ்வரம் போகத் தொடங்கியதும், தரகர்கள் எல்லோரும் விலையைக் கொஞ்சம் தூக்கிப் பேசினார்கள். நாங்கள் 28 லட்சம் கேட்டோம்.

அத்தையின் வீட்டு முற்றத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய வலையை மணலில் விரித்து அதன்மேல் காரலும் சாளையும் காயும். காகத்துக்குப் பயம் காட்டக் கறுப்புப் பிளாஸ்டிக் பைகள் கட்டிய குச்சிகள். எங்கள் மதிலை ஒட்டி உடைந்த தெர்மாகோல் பெட்டிகள், அடி பெயர்ந்த ஒரு வள்ளம், அதற்குள் குட்டி போட்ட ஆடு. மழை பெய்தால் அந்தப் பெட்டிகளில் தேங்கும் தண்ணீரில் கொசு. வீடு பார்க்க வருகிறவர்கள் எங்கள் திண்ணையில் ஏறும்போதே தலை அந்தப் பக்கம் திரும்பிவிடும். நான் உடனே தேக்குக் கதவைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன்.

முதலில் வந்தவர் பரமக்குடிக்காரர், ஓய்வு பெற்றவர். கச்சான் எனக்குத் துணை நின்றது. 26 வரை வந்துவிட்டார். கொல்லைக்குப் போய்க் கிணற்றைப் பார்த்தார். அதன் வாயில் இரும்புக் கம்பி மூடி, பூட்டு. "கிணற்றுக்கு எதற்குப் பூட்டு?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "பக்கத்து வீட்டில் ஒழுங்கான ஆட்கள் இல்லை, சார்." மதிலுக்கு அந்தப் பக்கம் அத்தை நின்றிருக்கிறார். அவர் ஒன்று சொல்ல, இவன் ஒன்று சொல்ல, பத்து நிமிடத்தில் தெருவே கூடிவிட்டது. பரமக்குடிக்காரர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனார். இன்னும் யோசிக்கிறார்.

இரண்டாமவர் விடுதி கட்டும் எண்ணத்தோடு வந்தார். கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் நினைத்தபடி கட்டிவிட முடியாது என்று யாரோ சொன்னதும் மறைந்தார். அவர் போனதில் எனக்கு வருத்தமில்லை.

மூன்றாவது, உச்சிப்புளியிலிருந்து வந்த ஆசிரியர் தம்பதி. வீட்டைப் பார்த்துவிட்டு அதிகம் பேசாமல் போனார்கள். மறுநாள் எங்களிடம் சொல்லாமல் திரும்பி வந்து, நேரே அத்தை வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்து விசாரித்திருக்கிறார்கள். பிறகு அந்த அம்மா எனக்குப் போன் செய்தார். குரலில் குறையேதும் இல்லை. "உங்கள் கொல்லையிலிருந்து பாம்பு வருகிறதாமே? போன வருடம் இரண்டு தடவை விரியன் அடித்திருக்கிறார்களாம். சீமைக் கருவேலத்தை வெட்டச் சொல்லி உங்கள் தம்பியிடம் எத்தனையோ முறை சொன்னார்களாம்."

மதுரையில் அடுக்களையில் நின்றபடி இதைக் கேட்டேன். அம்மா போனது 2019-இல். ஆறு வருடமாக வீடு பூட்டிக் கிடக்கிறது. சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட 2017-இல் அம்மா இருந்தாள். யாரும் வந்து கேட்காமலே ஆள் வைத்துக் கொல்லையை வேரோடு சுத்தம் செய்தாள். அவள் போனபின் அந்த மரம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, மதிலைத் தாண்டி அத்தை கருவாடு காயப்போடும் இடத்தில் முள்ளை உதிர்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்தத் தெருவில் விலையைக் கெடுக்கும் பக்கத்து வீடு எது என்று தெருக்காரர்களைக் கேட்டிருந்தால் எங்கள் வீட்டைத்தான் காட்டியிருப்பார்கள்.

கிணற்றுப் பூட்டு தம்பியின் வேலை. கடலுக்கு அருகில் இருந்தும் எங்கள் கிணற்றில் நல்ல தண்ணீர். தம்பி பிறப்பதற்கு முன்பிருந்தே அத்தை வீட்டில் அதைத்தான் இறைத்தார்கள். இருபது வருடம் இறைத்தால் உரிமை வந்துவிடும் என்று திருப்பூரில் யாரோ அவனைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். 2020-இல் வந்தான், பட்டறையில் 3,400 ரூபாய் கொடுத்து மூடி செய்தான், பூட்டினான். அன்றிலிருந்து அவர்கள் குடத்துக்கு விலை கொடுத்துத் தண்ணீர் வாங்கினார்கள். தெர்மாகோல் பெட்டிகளும் வள்ளமும் எங்கள் மதிலோரம் வந்து சேர்ந்தது எப்போது என்று எண்ணிப் பார்த்தேன். எல்லாம் பூட்டுக்குப் பிறகுதான்.

ராமநாதபுரத்தில் ஒரு வழக்கறிஞரிடம் போனேன். அரை மணி நேரத்தில் இரண்டு விஷயம் சொன்னார், இரண்டும் 1882-ஆம் ஆண்டுச் சட்டங்கள். ஒன்று, அனுபோக உரிமை. இருபது ஆண்டு தடையில்லாமல், உரிமையோடு அனுபவித்தால்தான் அது வரும். உடைமைக்காரர் "எடுத்துக்கொள்" என்று அனுமதி கொடுத்து எடுத்த தண்ணீருக்கு வராது. அம்மா அப்படித்தான் சொல்லியிருந்தாள். தம்பியின் பூட்டுக்கு வேலையே இல்லை. இரண்டாவது, சொத்து மாற்றுச் சட்டம். வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும். கருவாட்டை மூக்கே சொல்லிவிடும். கிணற்றுத் தகராற்றை நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

மறுவாரம் மண்டபம் போனேன். தம்பியை வர வேண்டாம் என்றேன். இரண்டு ஆள் வைத்துக் கொல்லையை வெட்டினேன். மூன்று நாள் ஆயிற்று, ஒரு சாரையும் ஓடியது. பூட்டைத் திறந்தேன். பிறகு அத்தை வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. கிணற்றில் தங்களுக்கு உரிமை இல்லை என்று எழுதித் தருவாரா என்று மட்டும் கேட்டேன். அத்தை மீன் செதிலை வழித்துக்கொண்டே சொன்னார்: "தண்ணீர் கேட்டேன் தாயி, கிணற்றையா கேட்டேன்?"

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெட்டிகளை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இரண்டு நாளில் மதிலோரம் காலியாக இருந்தது. வள்ளம் மட்டும் கிடந்தது, ஆடு இருந்ததால்.

ஆசிரியர் தம்பதி 24 லட்சத்து 50 ஆயிரத்துக்கு முடித்தார்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று ஒன்பது விழுக்காடு போகிறதே என்று கடைசியாக ஒரு பத்தாயிரம் குறைக்கப் பார்த்தார்கள், நான் அசையவில்லை. பரமக்குடிக்காரர் சொன்ன 26-க்கும் இதற்கும் உள்ள ஒன்றரை லட்சத்தைத் தம்பியின் கணக்கில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஆறு வருடம் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்க்காதவள் நானும்தான். பாதியாகப் பிரித்துக்கொண்டோம். கருவாட்டைப் பற்றி அந்தத் தம்பதி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் கேட்டது, கிணற்றில் அத்தை எத்தனை மணிக்கு இறைப்பார் என்பதைத்தான்.

பத்திரப் பதிவு அன்று காலை சாவி கொடுக்கப் போனபோது, அத்தை செய்தித்தாளில் சுற்றி ஒரு பொட்டலம் தந்தார். காரல் கருவாடு, ஒரு கிலோவுக்குக் குறையாது. பதிவு முடிந்து மதுரை பஸ்ஸில் ஏறி மடியில் வைத்துக்கொண்டேன். பரமக்குடி வருவதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார்.