"வராதுங்க" என்பதற்கு ஒரு தனித் தாள்

கோவையில் டேபிள் டாப் கிரைண்டர் வடிவமைக்க உட்காரும் கூட்டம் எதிலும் "அது வராதுங்க" என்ற குரல் பத்தாவது நிமிடத்துக்குள் எழுந்துவிடும். சொல்பவர் டூல் ரூமில் தலை நரைத்தவர். அவர் சொல்வது பெரும்பாலும் சரி. சொல்லும் நேரம்தான் தவறு. பல யோசனைகளைத் தேடும் விரிசிந்தனை, அவற்றிலிருந்து ஒன்றைத் தேரும் குவிசிந்தனை என்று உளவியலாளர் கில்ஃபர்ட் 1950களில் பிரித்துக் காட்டிய இரண்டையும் ஒரே மேசையில், ஒரே மணி நேரத்தில் செய்யப் பார்ப்பதால் வரும் வினை இது.

முதலில் கேள்வி. "நல்ல மாடல் வேண்டும்" என்பது கேள்வியே அல்ல. "தனியாள் ஐந்து நிமிடத்தில் கழுவி முடிக்க வேண்டும்" என்பது கேள்வி.

பிறகு பேச்சு கூடாது, எழுத்து மட்டும். ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம், தாள் அடுத்தவர் கைக்கு, இப்படி ஆறு சுற்று. அரை மணியில் 108 யோசனை வரும். ஒரே யோசனை நாலு வேஷத்தில் வரும், வரட்டும். வாயால் சொல்லும் கூட்டத்தில் தன் முறைக்குக் காத்திருப்பவரின் யோசனை அடைபட்டுப் போகிறது என்று உளவியலாளர்கள் டீலும் ஸ்ட்ரோபேயும் 1987லேயே சோதித்துக் காட்டினார்கள். முதலாளி இந்த அரை மணிக்கு வெளியே இருப்பது உத்தமம். சர்வீஸ் மெக்கானிக் கட்டாயம் உள்ளே இருக்க வேண்டும். மாவு இறங்கிப் போன பேரிங்கைக் கழற்றிப் பார்ப்பவர் அவர்தானே.

"வராதுங்க"வுக்குத் தனித் தாள். நிபந்தனை ஒன்றே: காரணமும் எழுத வேண்டும். "டிரம்மில் வடிகால் வைத்தால் வராது" என்பது போதாது. "சீல் தேய்ந்ததும் தண்ணீர் மோட்டாருக்கு இறங்கும்" என்று எழுதினால், சீலை எங்கே வைப்பது என்ற அடுத்த யோசனை அங்கேயே பிறக்கும்.

வடிகட்டுவது மறுநாள். வடிவமைப்புப் பொறியாளர் ஸ்டூவர்ட் பியூவின் அட்டவணை போதும்: இப்போது விற்கும் மாடல்தான் அளவுகோல், ஒவ்வொரு யோசனையும் ஒவ்வொரு தலைப்பிலும் அதைவிட மேலா (பிளஸ்), கீழா (மைனஸ்), சமமா என்று குறி. குறிகளைக் கூட்டி முதல் மதிப்பெண்ணைத் தேர்ந்தெடுப்பது வழக்கமான பிழை. மைனஸ் விழுந்த இடத்தை வேறொரு யோசனையின் பிளஸால் அடைக்க முடியுமா என்று பார்க்கத்தான் அந்த அட்டவணை. எல்லாக் கட்டத்திலும் பிளஸ் வாங்கிய யோசனையைச் சந்தேகிக்க வேண்டும். அதை மனதில் வைத்தே யாரோ தலைப்புகளை எழுதியிருப்பார்கள்.

மிஞ்சும் இரண்டுக்கு மாதிரி செய்து ஆட்டும்போது ஒரே அரிசி, ஒரே ஊறல் நேரம், ஒரே அளவு தண்ணீர். இல்லாவிட்டால் ஒப்பிடுவது அரிசியைத்தான், மெஷினை அல்ல.

பாகங்களை உருவாக்கும் அச்சான டைக்கு ஆர்டர் போனதும் கதவு சாத்தப்படும். புது யோசனைகள் அடுத்த மாடலின் நோட்டுக்குப் போகும். ஒன்றுக்கு மட்டும் திறக்கலாம்: கழுவ நேரமாவது டிரம்மின் கனத்தால் அல்ல, உருளைக் கல்லின் இடுக்கில் காய்ந்த மாவால் என்று சோதனையில் தெரிந்தால், டை செலவு போனாலும் கேள்வியையே மாற்றி எழுத வேண்டும்.