ஒரே கால்கள், வேறு இழை

புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிறு சந்தையில் வாங்கிய பழைய ஐரோப்பியத் தொலைக்காட்சிப் பெட்டியில் எந்த வால்வும் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடி வெற்றிடக் குழாய்) ஒளிரவில்லை. வால்வுகளைச் சூடேற்றும் இழைகள் தொடராக இணைக்கப்பட்டிருந்ததால், திருவிழா சீரியல் விளக்கைப் போல ஒன்று அறுந்ததும் எல்லாமே அணைந்துவிட்டன. மல்டிமீட்டரில் சோதித்தபோது அகப்பட்ட குற்றவாளி, ஒலிப்பகுதியின் பிசிஎல் 82 என்ற வால்வு.

சந்தையில் கிடைத்த மாற்று இசிஎல் 82, அதை நான் வாங்கவில்லை. இரண்டுக்கும் உள்ளமைப்பும் கால்வரிசையும் (அடியிலுள்ள ஊசிகளின் இணைப்பு வரிசை) ஒன்றே எனினும், முதலெழுத்து ‘பி’ 0.3 ஆம்பியர் தொடரிணைப்பையும் ‘இ’ 6.3 வோல்ட் இழையையும் குறிப்பதால், 0.78 ஆம்பியர் கேட்கும் இசிஎல் 82 அந்தத் தொடரில் போதிய அளவு சூடேறாது. (ஆம்ப்ளிஃபயருக்கு அதுவே அருமையான வால்வு.) பிசிஎல் 82-இன் அமெரிக்கப் பெயரான 16ஏ8 என்று அச்சிடப்பட்டிருந்தால் தயங்காமல் பொருத்தலாம், முன்னிற்கும் 16, இழையின் வோல்ட் அளவாகும்.