பாடம் எடுக்க எங்களையும் கூப்பிடுங்கள்

மனநலத் துறையில் படிக்கிற பிள்ளைகளுக்கு நோயாளியைக் காட்டுகிறார்கள், பேச்சுக் கொடுக்கவும் விடுகிறார்கள், ஆனால் அவரை ஆசிரியராக உட்காரவைக்கிற இடங்கள் ரொம்பக் குறைவு. வார்டில் கேஸ் ஷீட் நிரப்பும்போது எதைக் கேட்பது என்று மாணவர்தான் முடிவு செய்கிறார். வகுப்பு எடுக்க வந்தால் எதைச் சொல்வது என்று நோயோடு வாழ்ந்தவர் முடிவு செய்வார்.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய், குளோசபின் சாப்பிடுகிறான் (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்). அந்த மருந்துக்கு எச்சில் அதிகம் சுரக்கும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். வீட்டில் அது ராத்திரி முழுக்க வழிந்து தலையணையை நனைக்கிறது, அம்மா தினமும் காலையில் உறையைக் கழற்றித் துவைக்கிறார், கல்யாண மண்டபத்தில் நாலு பேரோடு படுக்கக் கூசி அவன் விசேஷங்களுக்கு வருவதையே விட்டுவிட்டான். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்ற யோசனை அவனுக்கு அங்கேதான் வந்தது. 'மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை' என்று எழுதப் பழகும் மாணவர் இதை அவன் வாயால் கேட்க வேண்டும். அம்மாவிடம் வேறு கதை இருக்கிறது, அவன் எதிரில் சொல்ல முடியாததும் அதில் உண்டு, அதனால் இருவருக்கும் தனித்தனி வகுப்பு வேண்டும்.

இங்கிலாந்தில் 2003-ல் சமூகப்பணிப் பட்டப்படிப்பு புதிதாக வந்தபோது, மாணவர்களைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து மதிப்பிடுவது வரை சேவை பெறுபவர்களுக்கும் பராமரிப்பவர்களுக்கும் பங்கு இருக்க வேண்டும் என்று விதியே போட்டார்கள். குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது நமக்கும் புதிதில்லை. அமிர்தசரஸில் 1950-களிலேயே டாக்டர் வித்யா சாகர் மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டு உறவினர்களைத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் உறவினர் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. நோயாளிகளின் புகார்களை விசாரிக்க 2017 மனநலச் சட்டப்படி அமையும் மறுஆய்வு வாரியத்தில்கூட நோயால் பாதிக்கப்பட்டவர்களோ, பராமரிப்பவர்களோ, அவர்கள் சார்பான அமைப்பினரோ உட்கார 2 இடங்கள் இருக்கின்றன. அங்கே நீதிபதி பக்கத்தில் உட்காரலாம் என்றால் கல்லூரி வகுப்பில் என்ன தடை?

குணமாகி, நன்றாகப் பேசத் தெரிந்தவரை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். மறுபடி மறுபடி வார்டில் சேர்ந்தவரும், டாக்டர் மேல் கோபம் ஆறாதவரும் வரட்டும். பாதியில் நிறுத்திக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கட்டும். அப்புறம், சால்வை போர்த்தி அனுப்பிவிடாமல் மற்ற விருந்தினர் விரிவுரையாளர்களுக்குத் தரும் அதே தொகையைக் கொடுங்கள். அம்மா போன்றவர்கள் வர வேண்டுமென்றால், அந்த அரை நாள் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவையும் கல்லூரியே ஏற்க வேண்டும்.