இருபது மில்லிகிராமுக்காக மூன்று பஸ் பயணம்

ஈறு நோய்க்கு டாக்சிசைக்லின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், பக்கத்தில் உள்ள எண்ணைப் பார்க்காமல் கிளினிக்கை விட்டு இறங்காதீர்கள். 100 என்றால் கிருமியைக் கொல்ல. 20, நாளைக்கு இரண்டு வேளை என்றால் ஈறு அரிபடாமல் தடுக்க. மருந்து ஒன்று, வேலை வேறு. அந்த எண்ணுக்காக, மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு மூன்று தடவை பஸ் ஏறியாயிற்று.

பல் சுத்தம் செய்யும் ஸ்கேலிங்கில் ஒரு தொல்லையும் இல்லை. ஐசியை (அடையாள அட்டையை)க் கொடுத்தோம், நம்பர் எடுத்தோம், முடிந்தது. கடைவாய்ப் பக்கம் மட்டும் ஈற்றுக் குழி (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழும் இடைவெளி) 6 மில்லிமீட்டரிலேயே நின்றுவிட்டது. அதற்குத்தான் அந்தச் சீட்டு.

நம்ம ஊரில் 20 கிடைக்கவில்லை என்று ஈப்போ மருந்தகம் ஒன்றுக்குப் போனால், "100தான் இருக்குண்ணே, பிரிச்சு அஞ்சு வேளைக்குப் போட்டுக்குங்க" என்கிறார் கவுன்டர் தம்பி. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கேப்ஸ்யூல் தூளைக் கண்ணளவில் ஐந்தாகப் பிரித்தால் ஒரு வேளை 10 வரும், ஒரு வேளை 35 வரும். அளவு ஏறினால் கிருமிகள் மருந்துக்குப் பழகிக்கொள்ளும். தூள் தொண்டைக்குக் கீழே ஒட்டினால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். சீட்டில்லாமல் வாங்கப் பார்ப்பதும் வீண்: 1952 விஷச் சட்டப்படி இது மருத்துவரோ பல் மருத்துவரோ எழுதித்தர வேண்டிய மருந்து.

20 ஏன் போதும்? ஈறு வீங்கும்போது நம் வெள்ளையணுக்களே கொலாஜினேஸ் என்ற நொதியைக் கொட்டுகின்றன. பல்லைப் பிடித்திருக்கும் நாரை அரிப்பதில் கிருமியைவிட அதற்குப் பங்கு அதிகம். டாக்சிசைக்லின் சேர்ந்த டெட்ராசைக்லின் குடும்ப மருந்துகள் அந்த நொதியை அடக்கும் என்று 1983இல் ஆய்வாளர் லோரன் கோலப்பின் குழு நீரிழிவு எலிகளில் காட்டியது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளிலும் அதே பலன். 1998இல் அமெரிக்காவில் பெரியோஸ்டாட் என்ற பெயரில் 20 மில்லிகிராமுக்கு அனுமதி கிடைத்தது. அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் சேர்த்துத் தருவார்களே, அது வேறு கதை. அது கிருமியை அடிக்க மட்டும்.

20 கிடைக்காமல் போக, இரண்டாவது பயணம் ஈறு நிபுணரிடம். ருஜுகான் கடிதம் (நிபுணரிடம் அனுப்பும் பரிந்துரைக் கடிதம்) கையில் இருந்தது, குழி அளந்த சார்ட் இல்லை. "சார்ட் இல்லாம டாக்டர் பார்க்க மாட்டாங்க" என்று பதிவு மேசையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடிதம் வாங்கும்போதே நாலு தாளையும் கேட்டு வாங்கிவிடுங்கள்: கடிதம், ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடத்தில் அளந்த சார்ட், எக்ஸ்ரே, இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு ஹெச்பிஏ1சி என்ற இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை முடிவு.

மூன்றாவது தடவை எல்லாம் இருந்தது. நிபுணர் சார்ட்டைப் பார்த்துவிட்டு மாத்திரையே வேண்டாம் என்றார்! 2015இல் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் சிறு பலன் உண்டு என்றது. 2020 ஐரோப்பிய வழிகாட்டி ஸ்கேலிங்கோடு இதைச் சேர்க்க வேண்டாம் என்கிறது. அவர் ஐரோப்பியப் பக்கம். மரத்துப்போக ஊசி போட்டு வேர் வரை சுரண்டினார், பல்லிடுக்கு பிரஷ் கொடுத்தார், சர்க்கரையைக் குறைக்கச் சொன்னார். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் உண்டு. குழிக்குள் காரை (பல்லில் படிந்து இறுகிய அழுக்கு) இருக்கும்போது நொதியை மட்டும் அடக்கிப் புண்ணியமில்லை.

உங்கள் மருத்துவர் 20 கொடுத்தால், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன், ஒரு டம்ளர் தண்ணீரோடு. போட்டவுடன் படுக்காதீர்கள். பால் கலந்த தே தாரிக், மைலோ, இரும்புச்சத்து மாத்திரை எதுவும் கூட வேண்டாம். மருந்து அதோடு ஒட்டி வெளியே போய்விடும். செம்பனை வெட்டப் போகிறவர்கள் கை மூடிய சட்டை போடுங்கள், வெயிலில் தோல் சிவக்கும். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் ஆகாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்று மாதம் கழித்து அளந்தபோது 6 இருந்த இடங்களில் 4. ஒரே ஒரு இடம் மட்டும் 5. அதற்கு மறுபடி நம்பர் போட்டிருக்கிறது.