நாலாவது தடவை, ஒரே தேன் நிறம்

ஃபர்னஸில் சுட்ட என் வேக்கம் சேம்பர் (உள்ளே காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கும் எஃகுக் கலம்) மூணு தடவை திட்டுத் திட்டாய் வந்து, நேற்றுதான் முழுக்க ஒரே தேன் நிறம். உள்ளே டார்ச் அடித்து வெல்டிங் ஓரம் வரை பார்த்துவிட்டேன், ஒரு திட்டுகூட இல்லை!

304எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், 2 மி.மீ. சுவர், இரண்டு பக்கமும் சிஎஃப்100 ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் வளையம்). காற்றிலேயே 400 டிகிரி, 24 மணி நேரம். பின்னால் வெற்றிடத்துக்குள் கசிந்து கெடுக்கும், எஃகுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பெருமளவு வெளியேறும், மேலே ஆக்சைடு படலமும் ஏறும். இதே வேலைக்கு 950 டிகிரி வேக்கம் ஃபர்னஸும் உண்டு, அதற்கு நான் எங்கே போக? பீசா பக்கம் விர்கோ ஈர்ப்பலைக் கருவியின் 3 கி.மீ. குழாய்களையே காற்றில் 400 டிகிரியில் சுட்டுத்தான் போட்டிருக்கிறார்கள்.

உயிரை வாங்கியது தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கம்பி). முதலில் அதை ஃபர்னஸ் சுவரோரம் தொங்கவிட்டிருந்தேன். டிஸ்ப்ளே 400 காட்டும். எடுத்துப் பார்த்தால் கனமான ஃபிளாஞ்ச் வெளிறிய வைக்கோல் நிறம், குழாய் பழுப்பு, சூடேற்றும் காயிலைப் பார்த்த பக்கம் கத்தரிப்பூ நிறம். அதாவது நான் அளந்ததெல்லாம் காற்றின் சூடு. இப்போது ஃபிளாஞ்சின் போல்ட் துளையில் எம்8 போல்ட், வாஷர் போட்டு தெர்மோகப்பிள் முனையை இறுக்கிவிட்டேன். குழாய் நடுவில் இன்னொன்று. காயிலுக்கும் சேம்பருக்கும் நடுவே மறைப்பாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு. நிமிடத்துக்கு 2 டிகிரிதான் ஏற்றம். இரண்டு முனைக்கும் வித்தியாசம் 10 டிகிரிக்குள் வந்த பிறகே 24 மணி நேரக் கணக்கு ஆரம்பம்.

தெர்மோகப்பிள் வாங்கியது ரிச்சி தெருவில். இரண்டையும் கொதிநீரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பொருத்தினேன், எல்லோரும் அப்படிச் செய்யுங்கள்.

ஆர்கான் வெல்டிங் போட்ட பட்டறைக்காரர் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. உள்ளே பஃப் பாலிஷ் போடாதீங்க என்று இரண்டு முறை சொல்லியும், "கண்ணாடி மாதிரி இருக்கும் சார்" என்று போட்டே கொடுத்தார். கீறலுக்குள் புகுந்த பாலிஷ் பேஸ்டை எடுக்க சோப்பு நீர், அசிட்டோன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்று இரண்டு நாள் போனது. கையுறையை மறக்கவே கூடாது. இரண்டாவது தடவை என் கட்டைவிரல் ரேகை ஃபிளாஞ்சில் கோடு கோடாய்ச் சுட்டுப் பதிந்திருந்தது.

ஆக்சைடு நீரைப் பிடித்து வைக்கும் என்பதால் அடுத்து அதை விரட்ட வேக்கத்தில் 150 டிகிரி சூடு. அதே குழாயில் வெட்டிய, சுடாத துண்டு ஒன்றுக்கும் ஃபிளாஞ்ச் போட்டு வைத்திருக்கிறேன். ஃபிளாஞ்சுக்கு நடுவே வைக்கும் காப்பர் கேஸ்கெட் வந்ததும் இரண்டிலும் காற்றை உறிஞ்சி வால்வை மூடி, அழுத்தம் ஏறும் வேகத்தைக் குறித்து, சுட்டதால் கசிவு குறைந்ததா என்று ஒப்பிடப்போகிறேன்.